தண்ணீரைக் கேட்டுக் கிளம்புங்கள்

சென்ற இதழில், சிறிய பாய்மரப் படகில் ஒரு நகரத்தின் ஆற்றுமுகத்தையும் கால்வாய்களையும் துறைமுகக் கரையையும் சுற்றிப் பார்ப்பதைப் பற்றி எழுதியிருந்தேன். இருபத்திரண்டு வருடங்களாக இதைச் செய்கிறேன். அதற்கு முன்பும் அதன் கூடவேயும் பள்ளியில் புவியியல் ஆசிரியையாக இருந்தேன். அந்தக் கட்டுரைக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காற்றைப் பற்றித்தான் கேட்கின்றன. ஓதத்தைப் பற்றி, அதாவது கடல்நீர் ஏறி இறங்குவதைப் பற்றிக் கேட்டவர் ஒரே ஒருவர். அவருக்குத்தான் நீளமாகப் பதில் எழுதியிருக்கிறேன். மற்றவர்களும் அதைப் படித்துவிட வேண்டுகிறேன்.

கேள்வி: நான்கு மீட்டர் படகில் என்னதான் பார்த்துவிட முடியும்? கொஞ்சம் பெரிய படகாக, கூரை வைத்ததாக இருந்தால் வசதிதானே?
(கல்லூரி மாணவர் ஒருவர்)

பதில்: வசதிதான். ஆனால் பெரிய படகு நகரத்தை ஆற்றின் நடுவிலிருந்து மட்டுமே பார்க்கும். அதன் அடிப்பகுதி ஆழம் கேட்கும். கரையை நெருங்க முடியாது. என் படகின் பெயர் ‘நாரை’. நீளம் 4.3 மீட்டர். படகின் அடியில் தண்ணீருக்குள் நீளும் நடுப்பலகையை மேலே இழுத்துவிட்டால் முழங்கால் ஆழத் தண்ணீர் அதற்குப் போதும். பழைய கிடங்குச் சுவரைக் கையால் தொட்டுக்கொண்டே போகலாம். தாழ்ந்த பாலம் வந்தால் பாய்மரத்தை நானே இறக்கிப் படுக்க வைத்துவிடுவேன். சேற்றில் தட்டினால் இறங்கித் தள்ளிவிடலாம்.

உங்கள் படகு புதியதாகவோ விலை உயர்ந்ததாகவோ இருக்க வேண்டியதில்லை. ஜாக் ஹோல்ட்டும் பாரி பக்னெல்லும் 1962இல் வடிவமைத்த ‘மிரர்’ படகு வெறும் 3.3 மீட்டர்தான். பிளைவுட் பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, கண்ணாடியிழை நாடாவும் பசையும் வைத்து, வீட்டிலேயே செய்துகொள்ளும்படி அமைத்தார்கள். இதுவரை 70,000க்கும் மேல் செய்யப்பட்டிருக்கின்றன. அதன் பாய் சிவப்பு. என் பாயும் செங்காவி நிறம்தான். நகரத்துத் தண்ணீரில் வெள்ளைப் பாய் எடுபடாது. பின்னால் சுவர்களும் ஜன்னல் கண்ணாடிகளும் மினுங்கும்போது அது அவற்றோடு கலந்துவிடும். பயணியர் படகை ஓட்டுகிறவர் அரை நிமிடம் முன்னதாக என்னைப் பார்த்துவிட வேண்டும். அதற்காகவே அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

கேள்வி: கடல் நகரத்துக்கு வெளியே இருக்கும்போது உள்ளே இருக்கும் ஆற்றுக்கும் கால்வாய்க்கும் ஓதம் எதற்கு? காற்று இருந்தால் பாய்மரப் படகு போய்விடாதா?
(ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர்)

பதில்: ஐயா, இந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி. என் முதல் வருடத்தில் நானும் இப்படித்தான் நினைத்திருந்தேன்.

கணக்கில் தொடங்குவோம். நாரையைப் போன்ற படகு, நல்ல காற்றில், தண்ணீருக்குள் மூன்று நாட் வேகம் போகும். அதாவது மணிக்கு ஐந்தரைக் கிலோமீட்டர். நான்கு மீட்டர் உடம்புள்ள படகு தண்ணீரை விலக்கிக்கொண்டு ஐந்து நாட்டைத் தாண்டுவது கடினம். அது அதன் நீளம் விதிக்கும் எல்லை. இனி ஓதத்தைப் பாருங்கள். குறுகலான ஆற்றுமுகத்தில், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், தண்ணீரே மூன்று நாட் வேகத்தில் ஓடுவது சாதாரணம். நியூயார்க்கின் ஈஸ்ட் ரிவர் பெயரளவில்தான் ஆறு. உண்மையில் அது இரண்டு கடற்பரப்புகளை இணைக்கும் நீரிணை. அங்கே ஹெல் கேட் என்ற இடத்தில் ஓட்டம் ஐந்து நாட் வரை போகும். பக்கத்திலிருக்கும் ஹட்சன் ஆற்றில் ஓதம் கடலிலிருந்து ஏறத்தாழ 240 கிலோமீட்டர் உள்ளே, டிராய் என்ற ஊர் வரைக்கும் ஏறுகிறது. தண்ணீர் எதிரே வரும்போது, காற்றும் எதிரே இருந்து நீங்கள் குறுக்கும் நெடுக்குமாக வளைந்து போக வேண்டியிருந்தால், பாய் நிறையக் காற்றை வைத்துக்கொண்டே பின்னோக்கிப் போவீர்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என் மகளுக்கு அப்போது பதினொரு வயது. காலையில் ஏறும் ஓதத்தோடு மூன்று பாலங்களைக் கடந்து உள்ளே போனோம். ஓத அட்டவணையில் உயர் ஓதம் பகல் 1:10 என்று இருந்தது. நான் ஒழுங்காக 1:15க்குப் படகைத் திருப்பினேன். இனித் தண்ணீர் வெளியே ஓடும், நம்மைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்பது என் எண்ணம். இரண்டாவது பாலத்தடியில் வந்ததும் படகின் முன்முனையான அணியத்தில் தண்ணீர் சலசலத்தது, பாய் விறைப்பாக நின்றது, சுக்கான் கையில் துடித்தது. எல்லாம் நன்றாக ஓடுகிற படகின் அடையாளங்கள். கரையில் ஒரு விளக்குக் கம்பம். அது நகரவேயில்லை. “அம்மா, அந்தக் கம்பம் நம்மோடவே வருது” என்றாள் மகள். கொஞ்ச நேரத்தில் கம்பம் எங்களுக்கு முன்னால் போக ஆரம்பித்தது.

பாலத்தூண் பின்னாலிருந்து நெருங்கிக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்த படித்துறைக்குப் படகை ஒதுக்கி, சுவரில் பதித்திருந்த ஓர் இரும்பு வளையத்தைப் பிடித்துக்கொண்டோம். காத்திருந்தபோது மகள் ஆரஞ்சுத் தோல் ஒன்றைத் தண்ணீரில் போட்டாள். அது எங்களைத் தாண்டி உள்ளே போயிற்று. கால் மணி கழித்து இன்னொன்று. அது மெதுவாகப் போயிற்று. 2:25 மணிக்குப் போட்டது படிக்கு நேரே நின்றுவிட்டது. ஓர் இடத்திலேயே, யாரோ ஆணி அடித்து நிறுத்தியதைப் போல, இரண்டு மூன்று நிமிடம் நின்றது. பிறகு ஒரு முறை சுழன்று, வந்த வழியே வெளிப்பக்கம் திரும்பியது. நாங்கள் வளையத்தை விட்டோம். காலையில் முக்கால் மணி நேரம் எடுத்த தூரத்தை அரை மணியில் கடந்தோம்.

என்ன நடந்தது? அட்டவணை சொன்னது துறைமுக வாயிலின் நேரம். உள்ளே போகப் போக உயர் ஓதம் தாமதமாக வரும். அதைவிட முக்கியமானது, நீர்மட்டம் உயர்வது வேறு, நீர் ஓடுவது வேறு. மட்டம் இறங்கத் தொடங்கிய பிறகும் உள்நோக்கிய ஓட்டம் சில இடங்களில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடரும். நிலாவையும் பூமியையும் கரும்பலகையில் வரைந்து, இரண்டு பக்கமும் தண்ணீர் புடைத்திருப்பதாக எத்தனையோ வகுப்புகளுக்குக் காட்டியிருக்கிறேன். பன்னிரண்டு மணி இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒரு முறை உயர் ஓதம் வரும் என்று எழுதிப் போட்டிருக்கிறேன். அது உண்மைதான், ஆனால் ஒரு பாலத்தடியில் தண்ணீர் எப்போது திரும்புகிறது என்பதை அந்தப் படம் சொல்லாது. அந்தந்தப் பாலத்தடியில் நின்று பார்த்துத்தான் எழுதிக்கொள்ள வேண்டும். என்னிடம் இப்போது இரண்டு நோட்டுப் புத்தகங்கள் நிறைய அந்தக் குறிப்புகள் இருக்கின்றன.

எங்கும் பயன்படும் ஒரு கணக்கும் உண்டு. ஓதம் ஏறும் ஆறு மணி நேரத்தில் மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காக வையுங்கள். முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, ஐந்தாவதில் இரண்டு, ஆறாவதில் ஒன்று. மொத்தம் 3.6 மீட்டர் ஏறும் இடம் என்றால், மூன்றாவது மணியில் மட்டும் 90 சென்டிமீட்டர். அதாவது நாற்பது வினாடிக்கு ஒரு சென்டிமீட்டர். கண் முன்னால் படி ஒவ்வொன்றாக மறையும். ஓட்டமும் பெரும்பாலும் அந்த நடு மணிகளில்தான் கடுமை. பாலங்களையும் குறுகலான இடங்களையும் அப்போது தவிர்த்துவிட்டு, முதல் மணியிலோ கடைசி மணியிலோ கடந்துவிடுங்கள். இது தோராயக் கணக்கு என்பதையும் மறக்கக் கூடாது. நாளுக்கு ஒரே ஓதம் வரும் கடல்களும், ஓதமே பெரிதாகத் தெரியாத மத்தியதரைக் கடல் போன்றவையும் இருக்கின்றன. ஆற்றுமுகம் நீளமாகப் போனால் ஏற்றம் சீக்கிரமும் இறக்கம் மெதுவாகவும் நடக்கும்.

ஆகவே ஐயா, நான் காலையில் எழுந்ததும் முதலில் பார்ப்பது வானத்தையல்ல, அட்டவணையை. எத்தனை மணிக்குப் போவது, எந்தப் பக்கம் போவது, எங்கே காத்திருப்பது என்பதைத் தண்ணீர் முடிவு செய்துவிடும். காற்றைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கிறேன்.

கேள்வி: எஞ்சின் இல்லாமல் போவது பொறுப்பில்லாத செயல் என்கிறார் என் மாமா. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: உங்கள் மாமா சொல்வதில் நியாயம் இருக்கிறது. சில துறைமுகங்களில் எஞ்சின் இல்லாத படகுக்குச் சில பகுதிகளில் அனுமதியே கிடையாது. கிளம்புவதற்கு முன் துறைமுக அலுவலகத்தில் விசாரித்துவிட வேண்டும். நான் துடுப்பு இரண்டு வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றும் 2.4 மீட்டர். காற்று செத்துவிட்டால் துடுப்பு. துடுப்பால் முடியாத இடத்தில் நங்கூரம். நங்கூரமும் முப்பது மீட்டர் கயிறும் எப்போதும் அணியத்தில், கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். அடியில் எங்கோ புதைந்திருக்கும் நங்கூரம் உதவாது. நங்கூரம் போட்டு ஓதம் திரும்பும்வரை உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடித்த வேலை. எஞ்சின் இருந்திருந்தால் அந்த இடங்களில் பலவற்றை நான் நின்று பார்த்திருக்கவே மாட்டேன்.

கேள்வி: வானிலை அறிக்கையில் மென்மையான காற்று என்றார்கள். ஆனால் உயர்ந்த கட்டடங்கள் இருக்கும் பகுதியில் படகு ஏறக்குறையக் கவிழ்ந்துவிட்டது. ஏன்?
(புதிதாகப் பாய்மரம் கற்கும் ஒருவர்)

பதில்: வானிலை அறிக்கை திறந்த வெளிக்கானது. கட்டடங்களுக்கு நடுவே வரும் காற்று வேறு. உயர்ந்த கட்டடத்தின் பின்னால், அதன் உயரத்தைப் போலப் பல மடங்கு தூரத்துக்குக் காற்றின் நிழல் விழும். அங்கே பாய் துவண்டு தொங்கும். அந்த நிழல் முடிகிற இடத்திலோ, தண்ணீரை நோக்கி ஒரு தெரு திறக்கிற இடத்திலோ, அடைபட்ட காற்றெல்லாம் ஒன்றாக வந்து இறங்கும். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கமாக ஏறும். பத்து நாட்டிலிருந்து பதினான்கானாலே பாயின் மேல் விழும் சுமை இரு மடங்கு. நீங்கள் கவிழப் பார்த்தது அந்த இடத்தில்தான் இருக்கும்.

கட்டட உச்சியில் பறக்கும் கொடியைப் பார்த்துப் பாயைச் சரிசெய்யாதீர்கள். அது சொல்வது நாற்பதாவது மாடியின் காற்று. தண்ணீரின் தோலைப் பாருங்கள். காற்று தொடுகிற இடத்தில் மெல்லிய சுருக்கம் விழுந்து நிறம் கறுக்கும். அந்தக் கறுப்பு உங்களை நோக்கி ஓடிவருவது நன்றாகவே தெரியும். ஐந்து வினாடி, பத்து வினாடி அவகாசம் கிடைக்கும். பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றைக் கடலோடிகள் தாமான் என்பார்கள். நகரத்துக்குள் அதை ஒருபோதும் முடிச்சுப் போட்டு வைக்காதீர்கள். கை வலித்தாலும் கையிலேயே இருக்கட்டும். கறுப்பு வந்து சேரும்போது ஒரு சாண் விட்டுக் கொடுத்தால் படகு நிமிர்ந்துகொள்ளும்.

தெருக்களின் வாய்களை நான் எண்ணி வைத்திருக்கிறேன். ஒரு குறிப்பிட்ட கரையில் ஏழு. மூன்றாவதும் ஆறாவதும் கடுமை. அந்த இடங்களை நெருங்கும்போது மகள் தானாகவே எழுந்து படகின் மேல்விளிம்பில் உட்கார்ந்துகொள்வாள்; இருவரும் பேசுவதை நிறுத்திவிடுவோம்.

பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பியூஃபோர்ட் 1805இல் வகுத்த காற்று அளவையில் நான்காம் எண்ணோடு என் எல்லை முடிகிறது. அலைநுனிகளில் வெள்ளை அடிக்கடி தென்பட்டால் நான் கரையில்தான் இருப்பேன். ஓதம் ஒரு பக்கமும் காற்று எதிர்ப்பக்கமும் ஓடுகிற நாளில் மூன்றாம் எண்ணிலேயே யோசிப்பேன். அப்போது அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும்பும். கருங்கல் சுவரில் மோதித் திரும்பி வருகிற அலையும் சேர்ந்துகொள்ளும்.

கேள்வி: பாலத்தடியில் போகும்போது பாய்மரம் இடிக்காதா? எப்படித் தெரிந்துகொள்வது?
(பள்ளி மாணவி, ஒன்பதாம் வகுப்பு)

பதில்: படகில் உட்கார்ந்து பார்த்தால் எல்லாப் பாலமும் இடிக்கப் போவதாகத்தான் தோன்றும், கண்ணே. கீழிருந்து மேலே பார்க்கும் கண்ணுக்கு அந்த உயரம் பிடிபடாது. அதனால் கண்ணை நம்பாமல் எண்ணை நம்ப வேண்டும். தண்ணீர் மட்டத்திலிருந்து உன் பாய்மரத்தின் நுனி வரை எத்தனை மீட்டர் என்று அளந்துகொள், என்னுடையது 6.1. கடல் வரைபடத்தில் ஒவ்வொரு பாலத்துக்கும் ஓர் உயரம் குறித்திருக்கும். அது உயர்ந்த ஓதத்தின்போது பாலத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே மிச்சமிருக்கும் இடைவெளி. எந்த ஓதத்தை உயர்ந்தது என்று எடுத்துக்கொண்டார்கள் என்பது நாட்டுக்கு நாடு மாறும். வரைபடத்தின் ஓரக் குறிப்பில் இருக்கும். தண்ணீர் இரண்டு மீட்டர் இறங்கியிருந்தால் உனக்கு இரண்டு மீட்டர் கூடுதலாகக் கிடைக்கும். அரை மீட்டர் மிச்சம் இல்லாமல் நான் போக மாட்டேன், ஏனென்றால் கப்பல் அலை வந்தால் படகு அந்த அளவு தூக்கும்.

மின்கம்பிகளிடம் மட்டும் இந்தக் கணக்கே வேண்டாம். உயர் மின்னழுத்தம் தொடாமலேயே தாவும். அலுமினியப் பாய்மரம் என்றால் பாயை இறக்கி, மரத்தையும் இறக்கிவிட்டுத்தான் கடக்க வேண்டும்.

பாலத்தூணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தூணுக்கோ நங்கூரமிட்ட பார்ஜுக்கோ (தட்டையான சரக்குப் படகு) மேலோட்டப் பக்கமாக, அதாவது தண்ணீர் உன்னை அதன்மேல் கொண்டுபோய்ச் சேர்க்கும் பக்கமாக, காற்றில்லாமல் நின்றுவிடாதே. பார்ஜின் சரிந்த முகப்புக்கு அடியில் தண்ணீர் உள்ளே இழுக்கும். நான் இந்தப் பதில்களில் எழுதியிருப்பவற்றில் மிகப் பெரிய ஆபத்து இதுதான். இடத்தை விட்டு விலகியே போ.

பழைய லண்டன் பாலத்தின் தூண்கள் நெருக்கமாக இருந்ததால் ஓதம் இறங்கும்போது ஆறு அங்கே அருவியைப் போல விழும். படகுக்காரர்கள் பலர் அதில் உயிரை விட்டார்கள். 1831இல் புதிய பாலம் திறந்த பிறகு பழையதை இடித்துவிட்டார்கள், ஓட்டமும் சமனானது.

கேள்வி: பாய்மரப் படகுக்குத்தானே மற்றவர்கள் வழி விட வேண்டும்? பெரிய கப்பலும் விட வேண்டுமா?
(வழக்கறிஞர் ஒருவர்)

பதில்: சட்டத்தைப் படித்தவர் என்பதால் விதியையே சொல்கிறேன். 1972ஆம் ஆண்டின் கடல் மோதல் தடுப்பு விதிகளில், எஞ்சின் படகு பாய்மரப் படகுக்கு வழி விட வேண்டும் என்பது 18ஆவது விதி. அதையே எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்பே 9ஆவது விதி வந்துவிடுகிறது: குறுகிய கால்வாயில், அந்தக் கால்வாயை விட்டு விலக முடியாத கப்பலுக்கு, 20 மீட்டருக்குக் குறைந்த எந்தப் படகும், எந்தப் பாய்மரப் படகும் இடையூறாக இருக்கக் கூடாது. நகரத்தின் நீர்வழிகள் பெரும்பாலும் அப்படிப்பட்டவைதான். உள்ளூர் விதிகளும் உண்டு. சிட்னி துறைமுகத்தில் ஆரஞ்சு வைரக் குறியைக் காட்டிக்கொண்டு வரும் பயணியர் படகுக்குப் பாய்மரமும் வழி விட வேண்டும்.

கப்பலின் மேல்தளத்தில் நிற்பவர் முன்னால் இருக்கும் நீளமான தண்ணீர்ப் பரப்பைப் பார்க்கவே முடியாது. கப்பலின் மூக்கு அதை மறைத்துவிடும். அவர் நினைத்தாலும் உடனே நிறுத்த முடியாது. ஒரு குறுகிய ஊதல் கேட்டால் கப்பல் வலப்பக்கம் திரும்புகிறது, இரண்டென்றால் இடப்பக்கம், மூன்றென்றால் எஞ்சின் பின்னோக்கி ஓடுகிறது. ஐந்து ஊதல் கேட்டால், உன் எண்ணம் எனக்குப் புரியவில்லை என்று அர்த்தம். ஐந்து கேட்கும்வரை நான் அங்கே இருந்ததில்லை. கால்வாய்க்கு வெளியே, மிதவைகளுக்கும் கரைக்கும் நடுவிலுள்ள ஆழமற்ற பட்டையில் போகிறேன். கப்பல் அங்கே வர முடியாது. கரையைப் பார்க்க வந்தவளுக்கு அதுதான் நல்ல இடமும்கூட.

இருட்டிவிட்டால்: ஏழு மீட்டருக்குக் குறைந்த பாய்மரத்துக்கு விளக்குகள் கட்ட முடியாதபோது, எரியும் டார்ச்சைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு உரிய நேரத்தில் காட்ட வேண்டும் என்பது 25ஆவது விதி. பாயின் மேலேயே அடித்துக் காட்டினால் நன்றாகத் தெரியும்.

கேள்வி: நகரத்துத் தண்ணீர் சாக்கடைதானே? அதில் எப்படிப் போகிறீர்கள்?
(இல்லத்தரசி ஒருவர்)

பதில்: எல்லா நாளும் அப்படி இல்லை, அம்மா. பல பழைய நகரங்களில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடும்படி கட்டியிருக்கிறார்கள். கனமழையில் குழாய் நிரம்பினால் மிஞ்சியது அப்படியே ஆற்றில் வந்து விழும். லண்டனில் 1858 கோடையில் எழுந்த நாற்றத்துக்குப் பிறகுதான் பாசல்கெட் என்ற பொறியாளர் பெரிய சாக்கடைகளைக் கட்டினார். அவையும் போதாமல் போய், 25 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் ஒன்று 2025இல் முழுமையாக இணைக்கப்பட்டது. பாரிஸில் 1923இல் தடைசெய்த சீன் ஆற்றுக் குளியலை 2025 ஜூலையில் திரும்பவும் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். தண்ணீரைச் சுத்தமாக்க முடியும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? படிக்கும்போதே எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

என் வழக்கம்: பெரிய மழைக்குப் பிறகு இரண்டு முழு நாட்கள் படகை எடுப்பதில்லை. காலில் காயம் இருந்தால் இறங்குவதில்லை, ஏனென்றால் எலிகளின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து லெப்டோஸ்பைரோசிஸ் வரும். வீட்டுக்கு வந்ததும் சோப்பு. முகத்தைத் துடைக்கத் தனித் துணி, தனிக் குடிநீர்.

கேள்வி: நீச்சல் தெரியாது. வரலாமா?

பதில்: முதலில் நீச்சல் கற்றுக்கொண்டு வாருங்கள். அதன் பிறகும் உயிர்காப்பு அங்கி இல்லாமல் என் படகில் யாரும் ஏற முடியாது. துறையிலிருந்து பத்தடி போவதானாலும் சரி. படகு கவிழ்ந்தால் அதை விட்டுக் கரைக்கு நீந்தாதீர்கள். மிதக்கும் படகு நீந்துகிற தலையைவிடப் பல மடங்கு கண்ணுக்குத் தெரியும். நடுப்பலகையின் மேல் ஏறி நின்று உடல் பாரத்தைக் கொடுத்தால் சின்னப் படகு நிமிர்ந்துவிடும். ஆழமில்லாத, ஓட்டமில்லாத தண்ணீரில் வேண்டுமென்றே கவிழ்த்துப் பத்து முறையாவது பழகிக்கொள்ளுங்கள்.

கேள்வி: இத்தனை ஆண்டுகளாக ஒரே நகரத்தைச் சுற்றுகிறீர்கள். இன்னும் பார்க்க என்ன இருக்கிறது?
(நூலகர் ஒருவர்)

பதில்: சுவர் இருக்கிறது. சொல்கிறேன், கேளுங்கள்.

தாழ் ஓதத்தில் ஒரு கல்சுவரின் பக்கத்தில் படகை நிறுத்திப் பாருங்கள். அடியில் மட்டிகள் கொத்துக் கொத்தாக. அதற்கு மேலே வழுவழுப்பான பச்சைப் பாசி. அதற்கு மேலே கொட்டலசு, கையை வைத்தால் கிழிக்கும் வெள்ளைக் கூம்புகள். கொட்டலசு முடிகிற கோடு நூல் பிடித்ததைப் போல நேராக ஓடும். அதற்கு மேல் கறுப்புக் கறை, பிறகு வெறும் கல். ஒவ்வொன்றும் தனக்கு எத்தனை மணி நேரம் தண்ணீர் வேண்டுமோ அந்த உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. அட்டவணை வீட்டில் மறந்துபோன நாளில் நான் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் இன்னும் எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போட்டேன்.

பிறகு, புதைந்த ஆறுகளின் வாய்கள். நகரம் வளர்ந்தபோது மூடி, மேலே தெரு போட்ட ஓடைகள் எல்லா நகரத்திலும் இருக்கும். லண்டனின் ஃப்ளீட் ஆறு இன்றும் பிளாக்ஃப்ரையர்ஸ் பாலத்தடியில்தான் வெளியே வருகிறது. மேலே நடக்கிறவர்களுக்குத் தெரியாது. நான் போகும் வழியிலும் அப்படி ஒரு வாய் உண்டு. வளைவான செங்கல் முகப்பு, அதில் கீல் வைத்துத் தொங்கும் வட்ட இரும்புக் கதவு. வெளிப்பக்கம் மட்டுமே திறக்கும். ஓதம் இறங்கும்போது உள்ளேயுள்ள ஓடை அதைத் தள்ளித் திறந்துகொண்டு வரும். ஏறும்போது வெளித்தண்ணீர் அதை அழுத்தி மூடிவிடும், ஊருக்குள் கடல் நுழையாமல். ஒரு மாலை, அது மூடுகிற நேரத்தில் சரியாக அதன் எதிரே நங்கூரம் போட்டிருந்தேன். கதவின் கீழ்விளிம்பிலிருந்து வழிந்த தண்ணீர் நாடாவாகச் சுருங்கியது, நூலானது, நின்றது. கதவு இரண்டு முறை மெல்ல அசைந்தது. பிறகு ஆழத்திலிருந்து ஓர் அடி, கோவில் மணியைத் துணி சுற்றி அடித்ததைப் போல. சுவரோரம் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்த நீர்க்காகம் தலையைத் திருப்பிப் பார்த்தது. மேலே தெருவில் பஸ் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அந்த ஆறு அந்த பஸ்ஸின் சக்கரங்களுக்கு அடியில்தான் ஓடிவருகிறது.

ஒரே இடத்தை நூறு முறை பார்த்தேனா என்று கேட்டால், ஓதமும் வெளிச்சமும் ஒத்துப்போய் இரண்டு முறை ஒரே மாதிரி பார்த்ததாக நினைவில்லை.

கேள்வி: படித்துறையில் படகைக் கட்டிவிட்டு ஊருக்குள் போய் வரலாமா?
(சென்ற இதழைப் படித்துவிட்டு ஏற்கெனவே படகு வாங்கிவிட்ட தம்பதி)

பதில்: அனுமதி இருந்தால் தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் உயர் ஓதத்தில் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டுப் போகாதீர்கள். நான் ஒரு முறை அப்படிப் போனேன். மூன்று மணி நேரம் கழித்து வந்தபோது நாரையின் அணியம் சுவரில் ஒரு மீட்டர் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது; பின்புறம் தண்ணீரில் அமிழ்ந்து, துடுப்புகள் மிதந்து போய்விட்டன. பாரம் ஏறிய முடிச்சை விரலால் அவிழ்க்க முடியவில்லை. கத்தியால் அறுத்தேன், படகு ‘தொப்’ பென்று விழுந்தது, அடிப்பலகை ஒன்று விரிசல் விட்டது.

அன்றிலிருந்து கயிற்றின் நீளம் ஓதம் ஏறி இறங்கும் உயரத்தைப் போல மூன்று மடங்கு. முன்னாலும் பின்னாலும் இரண்டு கயிறுகள், ஒவ்வொன்றையும் படகின் நீளத்துக்கு அப்பால் தள்ளித் தள்ளிக் கட்டுங்கள். அப்போது படகு சுவரை ஒட்டியே ஏறும், இறங்கும். படியின் விளிம்புக்கு அடியில் படகின் ஓரம் மாட்டிக்கொள்ளாத இடமாகப் பாருங்கள். நடுப்பலகையை மேலே இழுத்துவிடுங்கள். துடுப்புகளைக் கட்டிவையுங்கள். கத்தியைப் படகில் வைக்காமல் சட்டைப் பையிலேயே எடுத்துப் போங்கள்.